கரைப்பானை ஒற்றை எண்ணில் அடைக்காதீர்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் தொழிற்பேட்டையிலோ வேலை பார்க்கும் கெமிஸ்ட் ஒருவரிடம் சால்வென்ட் என்ன செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "கரைக்கும். வேலை முடிஞ்சதும் டிஸ்டில் பண்ணி எடுத்துடுவோம்" என்பார். எம்.எஸ்சி. பாடம் மறக்காதவராக இருந்தால், "போலாரிட்டி பார்த்துப் போடணும் சார்" என்று சேர்த்துக்கொள்வார். போலாரிட்டியை எப்படிப் பார்ப்பது என்று தொடர்ந்து கேட்டால் ஓர் அட்டவணை வெளியே வரும். தண்ணீர் 78, அசிட்டோநைட்ரைல் 36, மெத்தனால் 33, எத்தனால் 24, அசிட்டோன் 21, ஹெக்சேன் 2-க்கும் சற்றுக் குறைவு. மின்காப்பு மாறிலி என்ற இந்த எண் கையில் இருந்தால் கரைப்பானைப் பற்றித் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டது என்பது கம்பெனியில் மட்டும் நிலவும் நம்பிக்கை இல்லை. நம் திருவள்ளூர் மாவட்டத்தில் வேப்பம்பட்டு ஊரைச் சுற்றியுள்ள கல்லூரிகளில் தொடங்கிப் பல்கலைக்கழகங்கள் வரை வேதியியல் வகுப்புகளில் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். "முனைவுள்ள கரைப்பான் கிளர்ந்த நிலையை நிலைப்படுத்தும்" என்று ஒரு வரி; பக்கத்தில் அந்த எண். தேர்வுக்கு இரண்டு மதிப்பெண்.

அந்த ஒரு வரியில் விடுபட்டிருப்பது நேரம். எப்போது நிலைப்படுத்தும்? எவ்வளவு நேரத்தில்? அதற்குள் மூலக்கூறு வேறு எதையாவது செய்துவிட்டால்? இந்தக் கேள்விகளை எழுப்பாத போலாரிட்டி பாடம் ஒளி சம்பந்தப்பட்ட இடத்தில் அரைகுறைப் பாடம் மட்டுமில்லை, தவறான பாடம் என்பதே என் வாதம்.

கையில் இருக்கும் பொருளிலிருந்தே தொடங்கலாம். ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை ஐபிஏ என்ற ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலிலும் இன்னொரு சிட்டிகையைத் தேங்காய் எண்ணெயிலும் கலக்கி, தூள் அடியில் தங்கிய பின் மேலே தெளிந்ததை இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் எடுத்துக்கொள்ளுங்கள். பகல் வெளிச்சத்தில் இரண்டும் மஞ்சள்தான்; பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. கள்ள நோட்டுப் பார்க்கும் புறஊதா டார்ச்சை இருட்டில் அடித்தால் வித்தியாசம் தெரியும். எண்ணெயில் ஒளிர்வு நீலப் பச்சைப் பக்கமாகவும், ஆல்கஹாலில் மஞ்சள் பக்கமாகவும் சாயும். குர்குமினின் உறிஞ்சல் உச்சி கரைப்பானுக்குக் கரைப்பான் அதிகம் நகர்வதில்லை, ஏறக்குறைய 410 முதல் 430 நானோமீட்டருக்குள் நின்றுவிடும். உமிழ்வு உச்சியோ சைக்ளோஹெக்சேனில் 450 அருகே தொடங்கி எத்தனாலில் 540-ஐத் தாண்டிப் போகும். குர்குமின் கொஞ்சம் சிக்கலான ஆள். கிளர்ந்ததும் அதன் உள்ளேயே ஒரு ஹைட்ரஜன் இடம் மாறுகிறது. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இந்திரா பிரியதர்சினி இந்த மூலக்கூறின் ஒளிவேதியியலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். சிக்கல் இல்லாத சாட்சி வேண்டுமென்றால் இந்தத் துறையின் வழக்கமான நிறமியான கூமரின் 153-ஐ எடுத்துக்கொள்ளலாம். சைக்ளோஹெக்சேனிலிருந்து மெத்தனாலுக்கு மாற்றும்போது அதன் உறிஞ்சல் 30 நானோமீட்டர் அளவுக்கு நகர்கிறது. உமிழ்வு 80 நானோமீட்டர் அளவுக்கு நகர்கிறது.

ஒரே மூலக்கூறு, ஒரே கரைப்பான், ஒரே எண். உள்ளே போகும் ஒளியிடம் ஒரு மாதிரியும் வெளியே வரும் ஒளியிடம் இன்னொரு மாதிரியும் கரைப்பான் நடந்துகொள்வது ஏன்? ஒளியை உறிஞ்சும் செயல் முடியும்போது சுற்றியிருக்கும் கரைப்பான் மூலக்கூறுகளுக்கு அசையவே நேரம் கிடைப்பதில்லை. நிறமியின் பழைய இருமுனைத் திருப்புத்திறனுக்கு ஏற்றபடி அவை அடுக்கி நின்ற அதே நிலையில், நடுவில் திடீரென்று இரு மடங்கு திருப்புத்திறன் கொண்ட புதிய மூலக்கூறு நிற்கிறது. அதன் பிறகுதான் அவை திரும்பத் தொடங்குகின்றன. கூமரின் சில நானோ விநாடிகள் கிளர்ந்த நிலையில் இருக்கிறது. அந்த இடைவெளியில் மெத்தனால் தன்னைத் திருத்தி அடுக்கிக்கொள்கிறது, ஆற்றல் இறங்குகிறது, வெளியே வரும் ஒளி சிவப்புப் பக்கம் சாய்கிறது. நீங்கள் கண்ணால் பார்க்கும் நிறம் ஒரு பயணத்தின் கடைசிப் பகுதி. அட்டவணை எண் அந்தப் பயணத்தைச் சொல்வதில்லை.

"அதைத்தான் லிப்பர்ட்–மட்டாகா சமன்பாடு சொல்கிறதே" என்பார்கள். சொல்கிறது. 1950-களின் நடுவில் ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் லிப்பர்ட்டும் ஜப்பானில் நொபொரு மட்டாகாவும் தனித்தனியே கண்ட சமன்பாடு அது. தமிழ்நாட்டில் ஒளிர்நிறமி பற்றி எழுதப்படும் ஆய்வேடுகளில் அந்த நேர்க்கோடு இல்லாதது அபூர்வம். ஆனால் அதன் உள்ளே பாருங்கள். மின்காப்பு மாறிலிக்கான ஓர் உறுப்பு, ஒளிவிலகல் எண்ணின் வர்க்கத்துக்கான ஓர் உறுப்பு, இரண்டுக்கும் இடையே ஒரு கழித்தல். எதற்காக அந்தக் கழித்தல்? தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, வர்க்கம் சுமார் 1.77. இதுவும் தண்ணீரின் மின்காப்புத் திறன்தான், ஆனால் எலக்ட்ரான்கள் மட்டும் பதில் சொல்ல நேரமுள்ள, ஒளியின் அதிர்வெண்ணில் அளந்தது. 78 என்பது மூலக்கூறுகளே திரும்பி நிற்கும் அளவுக்கு நேரம் கொடுத்து அளந்தது. ஒரே தண்ணீருக்கு இரண்டு எண்கள், இரண்டும் சரி. எவ்வளவு நேரம் கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. ஆக நேரம் அந்தச் சமன்பாட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நாம்தான் அதைச் சொல்லாமல் விட்டு, எண்களை மட்டும் எக்செல்லில் போட்டுக் கோடு இழுக்கிறோம். கரைப்பான் முழுவதுமாகத் திரும்பி அடங்கிய பின்தான் மூலக்கூறு ஒளிர்கிறது என்ற அனுமானம் அந்தக் கோட்டின் அடியில் இருக்கிறது. அதைச் சரிபார்த்த ரெக்கார்ட் நோட்டை நான் பார்த்ததில்லை.

அந்த அனுமானம் உடையும் இடத்தை லேசர் இல்லாமலே காட்டலாம். மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் தயாரிக்கும் புரோப்பிலீன் கிளைக்கால், நம் மாவட்டத்தில் மருந்து கம்பெனியில் வேலை பார்க்கும் யாரும் பீப்பாயாகப் பார்த்திருக்கக்கூடிய சரக்கு. அதில் மிகக் கொஞ்சமாக ஒரு கூமரினைக் கரைத்து, அறை வெப்பநிலையில் உமிழ்வு நிறமாலையை எடுங்கள். பிறகு டிரை ஐஸில் குளிர்வித்துக்கொண்டே எடுத்துப் பாருங்கள். கிளைக்கால் உறைந்து படிகமாகாது. தேனைவிடக் கெட்டியாகிக்கொண்டே போகும்.

இங்கே அட்டவணைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். குளிர்விக்கும்போது உமிழ்வு எந்தப் பக்கம் நகரும்? முனைவுள்ள திரவங்களின் மின்காப்பு மாறிலி குளிரில் ஏறும். புரோப்பிலீன் கிளைக்காலுக்கு அறை வெப்பநிலையில் 30 அளவில் இருப்பது இன்னும் மேலே போகும். போலாரிட்டி ஏறினால் உமிழ்வு சிவப்புப் பக்கம் போக வேண்டும் என்பது அவருடைய விதி. ஆரம்பத்தில் சற்று அப்படி நகர்வதுபோலத் தெரியவும் செய்யும். ஆனால் கழித்தல் 50, 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது உமிழ்வு திரும்பி நீலப் பக்கம் ஓடுகிறது. எண் ஏறுகிறது, விளைவு இறங்குகிறது. காரணம், கெட்டிப்பட்ட கிளைக்கால் மூலக்கூறுகளுக்குத் திரும்புவதற்குத் தேவைப்படும் நேரம், நிறமி கிளர்ந்திருக்கும் நானோ விநாடிகளைத் தாண்டிவிட்டது. கரைப்பான் பாதி திரும்புவதற்குள், அல்லது திரும்பத் தொடங்குவதற்குள்ளேயே, மூலக்கூறு ஒளிர்ந்து முடித்துவிடுகிறது. 1971-இல் வில்லியம் வேர் குழுவினர் அமினோதாலிமைடு என்ற நிறமியைக் குளிர்ந்த புரொப்பனாலில் வைத்து, நானோ விநாடிக்கு நானோ விநாடி நிறமாலை நகர்வதை நேரடியாகவே பதிவு செய்தார்கள். லாகோவிச்சின் ஒளிர்வு நிறமாலையியல் பாடநூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அந்த நூல் நம் கல்லூரி நூலகங்களில் இருக்கிறது. அத்தியாயம் பாடத்திட்டத்தில் இல்லை.

இனி இன்னொரு தரப்பு. எண் ஒன்று போதாது என்பதை ஒப்புக்கொண்டு, "சரி, இரண்டாவதாக ஒரு எண்ணைச் சேர்த்துக்கொள்கிறோம், கரைப்பான் திரும்பி அடங்க ஆகும் தளர்வு நேரம் என்று" என்பவர்கள். நாகரிகமான தரப்பு, ஆனாலும் தவறுதான். தண்ணீரின் டிபை தளர்வு நேரம் 25 டிகிரியில் சுமார் 8 பைக்கோ விநாடி. ஆகவே கிளர்ந்த நிறமிக்குத் தண்ணீர் பதில் சொல்ல 8 பைக்கோ விநாடி ஆகும் என்று எழுதிவிடலாமா? கூடாது. 1984-இல் பிமன் பாக்சி, டேவிட் ஆக்ஸ்டோபி, கிரஹாம் ஃபிளெமிங் மூவரும் ஒளிர்வு நகர்வதற்கு ஒரு கோட்பாடு தந்தார்கள். பாக்சி அதே ஆண்டு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து, அடுத்த பல பத்தாண்டுகள் இந்தத் துறையை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர். அந்த வகைக் கோட்பாடுகளின்படி, கரைப்பானைத் தொடர் ஊடகமாக எடுத்துக்கொண்டால், நிறமியின் மின்புலத்துக்குப் பதில் சொல்லும் நேரம் டிபை நேரத்தைவிடப் பல மடங்கு குறைவு. தண்ணீருக்கு அரை பைக்கோ விநாடி அளவு. போலாரிட்டி எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு இது வேகமாகும். அட்டவணைக்காரர் கேள்விப்படாத உறவு இது.

அதுவும் கடைசி வார்த்தை ஆகவில்லை. 1994-இல் ஹிமெனெஸ், ஃபிளெமிங், குமார், மரோன்செல்லி நால்வரும் 'நேச்சர்' இதழில் தண்ணீரில் கூமரின் 343-ஐ வைத்து அளந்ததை வெளியிட்டார்கள். தண்ணீரின் மொத்தப் பதிலில் பாதிக்கு மேல் 55 ஃபெம்டோ விநாடிக்குள் முடிந்துவிட்டது. மூலக்கூறுகள் முழுவதுமாகச் சுழன்று இடம் மாறும் வேலை இவ்வளவு சீக்கிரம் நடக்காது. வேப்பம்பட்டு ஸ்டேஷனில் காலை நேரத்தில் ரயில் பக்கத்து நடைமேடைக்கு வருகிறது என்று அறிவித்தால் என்ன நடக்கும்? முதல் நொடியிலேயே எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பிவிடும், நின்ற இடத்திலேயே உடம்பும் ஒரு சுற்று திரும்பிவிடும். பை, குழந்தை, டிபன் பாக்ஸ் சகிதம் ஆட்கள் நெருக்கிக்கொண்டு நகர்வது அதற்கு அப்புறம். முதலாவது மோதல் எதுவும் இல்லாமல் சும்மா திரும்புவது. இரண்டாவது ஒருவரையொருவர் இடித்து வழி விட்டு நடப்பது. தண்ணீரும் அப்படியே: ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்காமல் சற்றே ஆடித் திரும்பும் அசைவில் பெரும்பங்கு வேலை முடிகிறது, மிச்சம் ஒரு பைக்கோ விநாடி வரை இழுக்கிறது. அசிட்டோநைட்ரைலிலும் இதேபோன்ற முதல் திரும்பலை ஃபிளெமிங் குழு 1991-இலேயே பார்த்துவிட்டது. ஆக ஒரு கரைப்பானுக்கு ஒரு நேரம் என்பதும் கிடையாது. அந்தப் பதில் ஒரு வளைகோடு; தொடக்கத்தில் ஒரு சரிவு, பின்னால் வேறொரு சரிவு.

அதே தண்ணீர், அதே 78, ஆனால் இடம் மட்டும் மாறினால்? இதற்குப் பதில் பெரும்பாலும் கொல்கத்தாவிலிருந்து வந்தது. இந்திய அறிவியல் வளர்ப்புச் சங்கத்தில் காங்கன் பட்டாச்சார்யா குழுவினர் தண்ணீரை நுண்ணிய இடங்களுக்குள் அடைத்துப் பார்த்தார்கள்: சோப்பு போன்ற மூலக்கூறுகள் திரண்ட மிசெல்லுக்குள், எண்ணெயில் மிதக்கும் நீர்த்துளிக்குள், சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையத்துக்குள். திறந்த தண்ணீரில் ஒரு பைக்கோ விநாடிக்குள் அடங்கிய பதிலின் ஒரு பகுதி அங்கே ஆயிரம் பைக்கோ விநாடியையும் தாண்டி நீண்டது. ஆயிரம் மடங்கு மந்தம். அந்தக் குட்டித் துளிக்குள் இருக்கும் தண்ணீரின் மின்காப்பு மாறிலி என்ன என்று கேட்டால் அதற்கு ஒழுங்கான அர்த்தமே கிடையாது. நந்தி, பட்டாச்சார்யா, பாக்சி மூவரும் 2000-ஆம் ஆண்டு எழுதிய விரிவான தொகுப்புக் கட்டுரை இந்தத் துறையில் உலகெங்கும் எடுத்தாளப்படுவது. இந்தியர்கள் பின்னால் ஓடிய துறை இல்லை இது. பாதை போட்டவர்களில் இருக்கிறார்கள். நம் வகுப்பறைகளுக்கு மட்டும் அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

எண்ணை விட்டுவிட்டு, நகர்வதெல்லாம் கரைப்பானின் வேலை என்று கிளம்பிவிடுவதும் ஆபத்து. புரதத்தின் மேல் படிந்திருக்கும் தண்ணீர் மந்தமாகத் திரும்புகிறது என்று கொஞ்ச காலம் பெரிய பேச்சு நடந்தது. அந்தத் தண்ணீருக்கு 'உயிரியல் நீர்' என்று தனிப் பெயரே சூட்டினார்கள். 2005-இல் நில்சனும் ஹாலேயும், அந்த மந்தப் பகுதியில் பெரும்பங்கு புரதமே அசைவதால் வருவது, தண்ணீரின் குற்றமில்லை என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். நிறமியே இரண்டு வடிவங்களில் ஒளிர்ந்தாலும் நிறமாலை நகர்வதுபோலத் தெரியும். அதைப் பிரித்தறிய மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் பெரியசாமியும் கோட்டியும் 2001 வாக்கில் ஒரு வழி கண்டார்கள்: ஒவ்வொரு நேரத்துக்கும் எடுத்த நிறமாலையின் பரப்பைச் சமமாக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது. எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் வெட்டிக்கொண்டால் இரண்டு தனித்தனி வடிவங்கள் ஒளிர்கின்றன. வெட்டாமல் வழுக்கிக்கொண்டே போனால் கரைப்பான் படிப்படியாகத் திரும்புகிறது. சாதாரண கணினியில் செய்யக்கூடிய காரியம். எண்ணை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு இந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மறுப்பது நாணயமில்லை. "எங்கள் ரியாக்டரில் ஒரு பேட்ச் எட்டு மணி நேரம் ஓடுகிறது. கரைப்பான் பைக்கோ விநாடியில் அடங்கிவிடும் என்று நீங்களே சொல்கிறீர்கள். எட்டு மணி நேரத்துக்கு முன்னால் பைக்கோ விநாடி எம்மாத்திரம்? எங்களுக்கு எண் போதும்." வெப்பத்தில் நடக்கும் பெரும்பாலான வினைகளுக்கு இது சரி. 1890-இல் மென்ஷூட்கின் கரைப்பானை மாற்றினால் வினைவேகம் பெருமளவு மாறுவதைக் காட்டிய காலத்திலிருந்து போலாரிட்டி அட்டவணை அங்கே நல்ல வேலைதான் செய்து வருகிறது. ஆனால் எட்டு மணி நேரம் என்பது மூலக்கூறுகள் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் நேரம். முறை வந்ததும் ஒரு மூலக்கூறு தடையைத் தாண்டுவது பைக்கோ விநாடிக்குள் முடிந்துவிடும். அந்த நொடியில் கரைப்பான் கூடவே அசையாவிட்டால் தாண்டியது திரும்பி விழும். கிராமர்ஸ் 1940-இலும், குரோட்டும் ஹைன்ஸும் 1980-இலும் எழுதியது இதைத்தான். சாதாரண வினைகளில் இதன் விளைவு சிறியது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஒளி வந்துவிட்டால் கணக்கே வேறு. புறஊதாவில் உலரும் அச்சு மை, நிறமி பூசிய சூரிய மின்கலம், ஈரப்பதத்தைக் காட்டும் ஒளிர்வு உணரி — இவற்றில் கிளர்ந்த மூலக்கூறுக்கு மொத்தமாகக் கிடைப்பதே சில நானோ விநாடி. எலக்ட்ரானைக் கொடுப்பதா, ஒளிர்வதா, வெப்பமாக வீணாவதா என்று இந்த மூன்று வழிகளுக்குள் நடக்கும் போட்டியில் கரைப்பான் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதும் ஒரு தரப்பு. எலக்ட்ரான் பெயர்ச்சியில் கரைப்பான் திரும்புவதற்கு ஆகும் ஆற்றலை மார்க்கஸ் கணக்கிட்டதற்கு 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது. கரைப்பான் திரும்புவதற்கு முன்பே எலக்ட்ரான் பாய்ந்துவிடும் அமைப்புகளை ஜப்பானில் யோஷிஹாரா குழு காட்டியது. இத்தகைய இடத்தில் 36-க்கும் 33-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக் கரைப்பானைத் தேர்வு செய்பவர் அசிட்டோநைட்ரைலையும் மெத்தனாலையும் ஏறக்குறைய ஒன்றாக நினைப்பார். திரும்பும் வேகத்தில் இரண்டுக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம் உண்டு.

"அதெல்லாம் ஃபெம்டோ விநாடி லேசர் வைத்திருப்பவர்களுக்கு" என்பது கடைசியாக வரும் சால்ஜாப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அதிவேக நிகழ்வுகளுக்கான தேசிய மையம் இருக்கிறது. வேப்பம்பட்டிலிருந்து மின்ரயிலில் சென்ட்ரல் போய், பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினால் தரமணி. அதைவிட முக்கியம், முதல் பாடத்துக்கு லேசரே வேண்டாம். ஒளிர்வு நிறமாலைமானி வைத்திருக்கும் கல்லூரியில் கிளைக்காலும் டிரை ஐஸும் ஒரு மதிய நேரமும் போதும் என்பதைத்தான் மேலே சொன்னேன்.

பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முதுகலை ஆய்வகத்தில் லிப்பர்ட்–மட்டாகா சோதனை இருக்கட்டும், அதை எடுத்துவிட வேண்டாம். அதோடு அதே கரைப்பானைக் குளிர்வித்து ஒரு நிறமாலையையும் சேர்த்துவிடுங்கள். ரெக்கார்டில் அளந்த வெப்பநிலை, நிறமியின் கிளர்ந்த நிலை ஆயுள், கரைப்பானின் தளர்வு நேரம் ஆகிய மூன்றுக்கும் கட்டம் போட்டுக் கொடுங்கள். அந்த மூன்றும் காலியாக இருக்கும் நேர்க்கோட்டுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.